புயலும் புள்ளினமும்



கொல்லிமலைத் திண்ணனூர் நாட்டைச் சேர்ந்த நான் கடற்பறவைகளைப் பற்றிப் பேச முற்படுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆனால் மலைக்கும் கடலுக்கும் உறவு உண்டு. எங்கள் மலையிற் பெய்யும் மழை ஐயாறாக இறங்கிக் காவிரியிற் கலக்கின்றது. அக்காவிரி படைத்த சமவெளியின் தென்கோடியே கோடியக்கரை. ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் அங்குச் சென்று பறவைகளைக் காண்பது என் நெடுநாள் வழக்கம்.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' படித்தோர்க்குக் கோடியக்கரை புதிய இடமன்று. அந்நூலின் இரண்டாம் பாகத்துக்குச் 'சுழற்காற்று' என்று பெயர். பெயருக்கேற்ற கரைதான் அது. 1952, 1977, 2018 ஆகிய ஆண்டுகளின் நவம்பர்த் திங்களில் கடும் புயல்கள் நாகப்பட்டினப் பகுதியைத் தாக்கின. 2018 நவம்பர் 16-ஆம் நாள் வீசிய 'கஜா' கோடியக்கரைக் காட்டின் மரங்கள் பலவற்றைச் சாய்த்தது, வெளிமான்களும் மடிந்தன.

இத்தகைய பருவத்திலேதான் வடபுலப் பறவைகள் அங்கு வந்து தங்குகின்றன. காற்று மிகும்போது கடற்காகங்களும் ஆலாக்களும் மணற்றிட்டில் இறங்கி, ஒருங்கே காற்றை எதிர்நோக்கி அமர்ந்திருக்கும். முதுகைக் காட்டினால் இறகு கலையும். எதிர்நோக்கினால் இறகு படியும், எழுந்து பறப்பதும் எளிது. படைவீரர் அணிவகுத்தாற்போன்ற அக்காட்சியைப் பன்முறை கண்டும் எனக்குச் சலிப்பு ஏற்பட்டதில்லை.

இப்பறவைகள் எங்கிருந்து வருகின்றன? வலசைச் செய்தியை நம் முன்னோர் அறிந்திருந்தனர். வாடைக் காற்றில் நடுங்கிய சத்திமுற்றப் புலவர், குமரியினின்று வடதிசை திரும்பும் நாரையைத் தம் மனைவியிடம் தூது விடுத்தார் அன்றோ? எனினும், தனிப்பட்ட ஒரு பறவையின் வழியை அறியக் கவிஞரின் கண் மட்டும் போதாது. 1899-இல் டென்மார்க்கு நாட்டு ஆசிரியர் மோர்ட்டென்சன், எண் பொறித்த அலுமினிய வளையங்களைப் பறவைகளின் காலில் பூட்டி ஆராயும் முறையைத் தொடங்கினார். இந்தியாவில் 1959-இல், சாலிம் அலியின் முயற்சியால், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இப்பணியைப் பெருமளவில் மேற்கொண்டது. பின்னர்க் கோடியக்கரையும் அப்பணியின் முக்கிய நிலையமாயிற்று.

கொசு உள்ளான் என்னும் சிறு பறவையை எண்ணிப் பாருங்கள். அதன் எடை ஏறத்தாழ 25 கிராம். பிறப்பிடமோ வடதுருவத்தை அடுத்த உறைபனி நாடு. வழியில் உடற்கொழுப்பை எரித்துப் பறந்து வரும் அதற்கு, இறங்கியவுடன் உணவு வேண்டும். அவ்வுணவைத் தருவது வேதாரணியத்துச் சதுப்பின் சேறு. கோடையில் அச்சதுப்பின் நீர் கடல்நீரினும் உவர்ப்பு மிக்கதாகிவிடும். பருவமழையும் காவிரி வழியே வரும் நன்னீரும் அவ்வுவர்ப்பைத் தணித்த பின்னரே புழுவும் இறாலும் பெருகும். ஆகவே, நாம் அஞ்சும் கார்மேகமே விருந்தினர்க்கு இலை போடுகின்றது எனலாம்.

கோடியக்கரை 1967-இல் சரணாலயமாயிற்று. 2002-இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலகச் சிறப்புடைய ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது. இவை பெருமைக்குரியன. ஆனால் பட்டியலில் எழுதிய பெயர் சேற்றை ஈரமாக வைத்திராது. மேலேயிருந்து வரும் நன்னீர் குறைந்தாலும், சதுப்பு உப்பளமாகச் சுருங்கினாலும் பறவைகளுக்குக் கேடே விளையும்.

புயலைத் தடுக்க நம்மால் இயலாது. தடுக்கும்படி எந்தப் பறவையும் நம்மைக் கேட்கவுமில்லை. தலைமுறை தலைமுறையாக அதை எதிர்நோக்கி அமரக் கற்றவை அவை. அவை நம்மிடம் வேண்டுவது சிறிதளவு நன்னீரும், அலகு ஊன்றச் சிறிது சேறுமே. அதுவும் இல்லையேல், பல்லாயிரம் கல் கடந்து வந்த பயணம் நம் வாசலில் வீணாய் முடியும்.