கலே மதுக் கொள்முதல் பயணங்கள்

ஆங்கிலக் கால்வாயின் ஒரு கரையில் இங்கிலாந்தின் டோவர் துறைமுகமும், எதிர்க்கரையில் பிரான்சின் கலே துறைமுகமும் உள்ளன. கால்வாயின் மிகக் குறுகிய பகுதி சுமார் 33 கி.மீ. அகலம் கொண்டது. கப்பலில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் அக்கரை சேரலாம். 1990களில் இங்கிலாந்து மக்கள் பலர் காலையில் காருடன் கப்பலேறி, கலேயில் மது வாங்கிக்கொண்டு அன்றே திரும்பினர். இப்பயணத்தை அவர்கள் 'பூஸ் குரூஸ்' என்றனர். 'பூஸ்' என்பது மதுவைக் குறிக்கும் பேச்சுவழக்குச் சொல்.

வரி வேறுபாடு

பிரிட்டனில் மதுவுக்குக் கலால் வரி மிக அதிகம். பிரான்சில் ஒயினுக்கான கலால் வரி பெயரளவுக்கே இருந்தது. ஆயினும் 1992 வரை ஒரு பயணி சில புட்டிகளுக்கு மேல் ஒயினோ விஸ்கியோ வரியின்றிக் கொண்டுவர முடியாது.

1993 சனவரி 1 அன்று ஐரோப்பிய ஒற்றைச் சந்தை நடைமுறைக்கு வந்தது. சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்கித் தாமே எடுத்துவரும் பொருளுக்கு, வாங்கிய நாட்டில் வரி செலுத்தினால் போதும் என்பது புதிய விதி. சொந்தப் பயன்பாடா, விற்பனைக்கா என்பதைக் கணிக்க வழிகாட்டி அளவுகள் வகுக்கப்பட்டன. பீர் 110 லிட்டர், ஒயின் 90 லிட்டர், விஸ்கி போன்ற வடித்தெடுத்த மது 10 லிட்டர் என அவை அமைந்தன. 90 லிட்டர் என்பது முக்கால் லிட்டர் புட்டிகளில் 120 ஆகும். டெஸ்கோ, செயின்ஸ்பரி ஆகிய பிரிட்டன் நிறுவனங்களே கலேயில் மதுக்கடை திறந்தன.

சொந்தப் பயன்பாடா, கடத்தலா?

இவ்வசதியைப் பயன்படுத்தி வேன்களில் மதுவும் புகையிலையும் கொண்டுவந்து விற்றவர்களும் இருந்தனர். அதனால் சுங்கத்துறை சோதனையைக் கடுமையாக்கியது. பொருளுடன் அதை ஏற்றிவந்த காரும் பறிமுதலானது. வழிகாட்டி அளவை மீறினால், அது விற்பனைக்கல்ல என்று மெய்ப்பிக்கும் பொறுப்பைப் பிரிட்டன் பயணியின் தலையில் வைத்திருந்தது. திருமண விருந்துக்கு வாங்கியவரும் கடத்தல்காரரும் ஒரே தட்டில் நிறுத்தப்பட்டனர்.

2002இல் நீதிமன்றங்கள் இதில் தலையிட்டன. குடும்பத்தினருக்காகப் புகையிலை வாங்கிவந்தவரின் காரையும் வணிகக் கடத்தல்காரரின் காரையும் ஒரே விதமாகப் பறிப்பது தகாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. அவ்வாண்டு சூலையில், ஹோவர்ஸ்பீடு என்ற கப்பல் நிறுவனம் தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குறிப்பிட்ட பயணியின்மீது நியாயமான ஐயம் இருந்தாலன்றி அவரைத் தடுத்துச் சோதிக்கக்கூடாது என்றும், மெய்ப்பிக்கும் பொறுப்பைப் பயணியிடம் தள்ளியது ஐரோப்பியச் சட்டத்துக்கு முரண் என்றும் அது கூறியது. இத்தீர்ப்பின் ஒரு பகுதி மேல்முறையீட்டில் மாறியது. எனினும் மெய்ப்பிக்கும் பொறுப்பு சுங்கத்துறைக்கே என விதி திருத்தப்பட்டது.

கப்பலை வாழவைத்த விதி

மலிவான மதுவை வீட்டிலிருந்தே வரவழைக்கலாமே என்ற கேள்வி எழும். 2006இல் ஐரோப்பிய நீதிமன்றம் இதற்கு விடை கூறியது. வாங்கியவர் தாமே உடன் எடுத்துவந்தால்தான் சலுகை உண்டு. வேறொருவர் மூலம் அனுப்பச் செய்தால் சேரும் நாட்டில் வரி செலுத்த வேண்டும். ஆகவே விலை வேறுபாட்டைப் பெற விரும்பியவர் பயணம் செய்தே ஆகவேண்டும்.

வரிவிதி கப்பலின் வழித்தடத்தையும் முடிவு செய்யும் என்பதற்குப் பால்டிக் கடல் சான்று. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கிடையே தீர்வையற்ற விற்பனை 1999 சூலை 1 முதல் நிறுத்தப்பட்டது. பின்லாந்தின் ஓலண்டு தீவுகள் ஒன்றியத்தின் வரி எல்லைக்கு வெளியே இருந்தன. அதனால் சுவீடன்–பின்லாந்து கப்பல்கள், பயணிகள் உறங்கும் இரவிலும் அத்தீவுகளில் சிறிது நேரம் நின்று செல்கின்றன. அந்நிறுத்தம் இருந்தால்தான் கப்பலில் வரியில்லாமல் மது விற்க முடியும்.

2021க்குப் பின்

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதால் 2021 சனவரி 1 முதல் நிலைமை மாறியது. கப்பலில் தீர்வையற்ற கடைகள் மீண்டும் வந்தன. ஆனால் ஒருவர் கொண்டுவரக்கூடிய ஒயின் 18 லிட்டராகவும், பீர் 42 லிட்டராகவும் குறைந்தன. 120 புட்டி ஒயின் ஏறிய காரில் ஒருவருக்கு 24 புட்டிகளே இன்று வரியின்றி வரலாம். கடலின் அகலமும் கப்பலின் நேரமும் மாறவில்லை. மாறியது வரிவிதி மட்டுமே.