தவறணையும் மருந்துச்சாலையும்

இலங்கையின் மத்திய மலைத்தொடர் தென்மேற்கே தாழ்ந்து சரியும் நிலப்பகுதியிலே இரத்தினபுரி, கேகாலை என்னும் இரு மாவட்டங்களும் அமைந்துள்ளன. 1889ஆம் ஆண்டில் இவை சப்பிரகமுவ மாகாணம் எனத் தனி மாகாணமாயின. மழைவளம் மிக்க இந்நிலத்திலே முதலிற் கோப்பியும், அதன்பின் தேயிலையும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறப்பரும் பயிராகின. இவற்றை வளர்த்த கைகள் தமிழகத்திலிருந்து கங்காணிமார் அழைத்துவந்த தொழிலாளரின் கைகளாகும். அவர்தம் வாழ்விலே மதுவும் மருந்தும் எவ்வழியாகப் புகுந்தன என்பதும், பின்னாளில் அவ்விரண்டும் ஓருடலிலே எவ்வாறு முரண்படலாயின என்பதும் வரலாற்று மாணவர் ஆராயத்தக்க பொருளாகும்.

இலங்கையின் சட்ட வரலாற்றிலே 1912ஆம் ஆண்டு குறிக்கத்தக்கது. அவ்வாண்டின் 8ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் மதுவரி பற்றியது. அதனை அடுத்து வந்த 9ஆம் இலக்கச் சட்டமோ தோட்டங்களின் மருத்துவத் தேவைகள் பற்றியது. முன்னது மது விற்கும் உரிமையை ஒழுங்குபடுத்தி அரசுக்கு வருவாய் தேடிற்று. பின்னது, 1872ஆம் ஆண்டு முதலாக இருந்துவந்த ஏற்பாட்டைத் திருத்தி, நோயுற்ற தொழிலாளரைக் கவனிக்கும் கடமையைத் தோட்டத் துரைமார்மீது சுமத்திற்று. தவறணையும் மருந்துச்சாலையும் ஒரே அரசின் இரு கைகளாய் ஓராண்டிலேயே புதிய சட்ட உருவம் பெற்றன எனின் அது மிகையாகாது.

புதிய மதுவரி முறையின்கீழ்க் கள்ளுத் தவறணைகள் பெருந்தொகையாகத் திறக்கப்பட்டன. அதனை எதிர்த்து, 1904ஆம் ஆண்டிலே தோன்றித் தளர்ந்திருந்த மதுவிலக்கு இயக்கம் மீண்டும் கிளர்ந்தெழுந்தது. கேகாலை மாவட்டத்தின் எல்லையை அடுத்துள்ள மீரிகமைப் பகுதி அவ்வியக்கத்தின் முதன்மைக் களங்களுள் ஒன்று. சேனநாயக்கா சகோதரர்கள் அரசியலில் அடியெடுத்து வைத்ததும் இவ்வியக்கத்தின் வழியாகவே. ஆயினும், அது பௌத்த விகாரைகளையும் சிங்களக் கிராமங்களையும் பற்றுக்கோடாகக் கொண்டு வளர்ந்தது. கிராமத்திலிருந்து பிரித்து வைக்கப்பட்ட தோட்டத்து லயங்களுக்குள் அதன் குரல் போதிய அளவு புகவில்லை. 1927ஆம் ஆண்டு நவம்பரில் இலங்கைக்கு வந்த காந்தியடிகள் தோட்டத் தொழிலாளரை நோக்கி மதுவை விட்டொழிக்குமாறு வேண்டினார். எனினும் பழக்கம் வேரூன்றியே நின்றது.

அப்பழக்கத்தைத் தொழிலாளரின் குணக்கேடு என்று கூறிவிடுதல் எளிது. ஆனால் அஃது ஆராய்ச்சியாகாது. விடியற்காலையிற் பெரட்டுக்கு நின்று, மழையில் நனைந்து கொழுந்து கொய்தும் மலைச்சரிவில் ஏறியிறங்கிப் பால் வெட்டியும் உழைத்த உடல், மாலையிலே நோவை மறக்க வழி தேடிற்று. 10 அடிக்கு 12 அடி அளவான ஓர் அறையிலே ஒரு குடும்பம் முழுவதும் வாழ்ந்த இடத்தில், ஆடவர்க்கு ஓய்விடமாய் அமைந்தது தவறணையே. சம்பளநாளிலே அதன் வாயில் அகலத் திறந்திருந்தது. சாராயத்திற்குப் பொருள் போதாதவர் கித்துட் கள்ளையும், களவாக வடிக்கப்பட்ட கசிப்பையும் நாடினர்.

இனி, மருந்தின் வரலாற்றை நோக்குவோம். சப்பிரகமுவத் தோட்டங்களிலே வேலை செய்வோர் நன்கறிந்த உயிர் அட்டை. அது கடித்த இடத்திலே, அட்டை விழுந்த பின்னரும் குருதி நெடுநேரம் கசிந்துகொண்டிருக்கும். இதன் காரணத்தை 1884ஆம் ஆண்டிலே ஹேகிராவ்ட் என்னும் அறிஞர் ஆராய்ந்து, அட்டையின் வாயிலே குருதியை உறையவிடாது தடுக்கும் பொருளொன்று உண்டு என நிறுவினார். 1916ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்து மாணவர் மக்லீன் கண்ட பொருள், ஹெப்பாரின் என்னும் ஊசிமருந்துக்கு வழிகோலிற்று.

வாயால் உட்கொள்ளும் உறைதடை மருந்தோ மாட்டுத் தொழுவத்திலிருந்து பிறந்தது. 1920களிலே கனடாவிலும் ஐக்கிய அமெரிக்காவின் வடபகுதியிலும், கொம்பு நீக்குதல் போன்ற சிறு அறுவைகளின் பின் மாடுகள் குருதி நில்லாது இறந்தன. பூஞ்சணம் பிடித்த ஒருவகைத் தீவனமே காரணம் என்று ஸ்கோபீல்ட் என்னும் கால்நடை மருத்துவர் கண்டார். விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தின் காள் போல் லிங்க் என்பாரும் அவர்தம் குழுவினரும் 1939ஆம் ஆண்டில் அத்தீவனத்திலிருந்து நச்சுப்பொருளைப் பிரித்தெடுத்தனர். அதன் வழிவந்த வார்பரின் 1948ஆம் ஆண்டில் முதலில் எலிநஞ்சாகவே விற்பனைக்கு வந்தது. 1954ஆம் ஆண்டில் மனிதர்க்குரிய மருந்தாக ஏற்கப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே மாரடைப்புற்ற அமெரிக்க சனாதிபதி ஐசனோவருக்கு அது கொடுக்கப்பட்டது. நஞ்சும் மருந்தும் அளவினால் வேறுபடுவன என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இம்மருந்து தோட்டத்து லயத்தை வந்தடைந்த வழியும் நோக்கத்தக்கது. நெருக்கமான குடியிருப்புகளிலே தொண்டைப்புண்ணைத் தரும் ஒருவகைக் கிருமி எளிதிற் பரவும். அதன் பின்விளைவாகச் சிறுவர் சிலருக்கு மூட்டுவாதக் காய்ச்சல் உண்டாகி, இதயத்தின் வால்வுகள் பழுதடையும். 1960ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் ஸ்ரார், எட்வேர்ட்ஸ் என்போர் அமைத்த செயற்கை வால்வு, அத்தகையோர்க்கு மறுவாழ்வு தந்தது. ஆனால், உலோக வால்வு பொருத்தப்பட்டவர் அதன்மேற் குருதி உறையாதிருக்க வாழ்நாள் முழுவதும் வார்பரின் உட்கொள்ள வேண்டும். அண்மைக்காலத்தில் வந்த புதிய உறைதடை மருந்துகள் இவர்களுக்கு ஏற்றவையல்ல. இடுப்பு, முழங்கால் மூட்டு அறுவைகளின் பின்னரும் சில வாரங்களுக்கு உறைதடை மருந்து கொடுப்பதுண்டு. மக்கள் இதனை இரத்தத்தை மெலிதாக்கும் குளிசை என்பர். உண்மையில் அது குருதியை மெலிதாக்குவதில்லை, உறையும் வேகத்தையே குறைக்கின்றது.

இம்மருந்தின் அளவு நூலிழைமேல் நடப்பது போன்றது. குருதி உறையும் வேகத்தை ஐ.என்.ஆர். என்னும் எண்ணால் அளப்பர். 1983ஆம் ஆண்டிலே உலக சுகாதார நிறுவனம் இம்முறையை ஏற்படுத்திற்று. உடல்நலமுள்ளவருக்கு இது ஏறத்தாழ 1. வால்வு பொருத்தப்பட்டவருக்குப் பெரும்பாலும் 2க்கும் 3.5க்கும் இடையில் நிற்றல் வேண்டும். மது இவ்வெண்ணை இரு திசையிலும் அசைக்க வல்லது. ஒரே இரவில் மிகுதியாகக் குடித்தால், வார்பரினைச் சிதைக்கும் ஈரலின் வேலை தடைப்பட, மருந்து உடலிலே தேங்கிக் குருதிப்பெருக்கு உண்டாகும். நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவரிடத்து ஈரல் மருந்தை விரைந்து சிதைப்பதால், மருந்தின் வலி குன்றி வால்விலே குருதி உறையக்கூடும். அவ்வுறைவு மூளைக்குச் சென்றாற் பக்கவாதம் விளையும். ஈரலே கெட்டுவிடின், உறைதலுக்கு வேண்டிய பொருள்களை ஆக்கும் ஆற்றலும் அதனுடன் கெடும். இவற்றோடு, குடியினால் இரைப்பை புண்படுதலும், வழுக்கும் மலைப்பாதையில் வீழ்ந்து தலை அடிபடுதலும் சேருமாயின் ஆபத்து பன்மடங்காகும். வீழ்ந்த தடம் வெளியே தெரியாமலே மண்டையோட்டினுள் குருதி கசியலாம்.

குடிக்கும் நாளில் மட்டும் குளிசையை விட்டுவிட்டாற் போதும் என்று எண்ணுவோர் உளராயின், அவர் எண்ணம் தவறானது. வார்பரினின் வேலை ஒருநாளில் ஒழிவதன்று. இறுதிக் குளிசைக்குப் பின்னும் பல நாள் நீடிக்கும். ஆகவே அன்றைய குடிக்கு அது காப்பாகாது; அடுத்தடுத்து விடுபட்ட குளிசைகளோ வால்வைக் காப்பின்றி விடும். சிறிதளவு மது சிலருக்கு ஊறு செய்யாது என மருத்துவர் கூறுவதுண்டு. ஆனால் அதனை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவரேயன்றி நோயாளர் அல்லர். கசிப்பின் வன்மையையோ அதிற் கலந்தவற்றையோ அறிவார் இல்லையாதலால், அதில் அளவு என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஈண்டு எழும் வினா மருத்துவத்தின் எல்லையைக் கடந்ததாகும். தன் குடியை மறைக்கும் நோயாளருக்கு மருத்துவர் சரியான அளவைக் கணித்தல் இயலாது. அவர் மறைப்பது ஏன்? குடியைப் பற்றிய கேள்வி, தோட்டங்களிலே பல தலைமுறையாக வசையாகவே கேட்கப்பட்டு வந்தமையால். அன்றியும், மருந்து அட்டையும் எச்சரிக்கையும் சிங்களத்தில் மட்டும் எழுதப்படுமாயின், தமிழ் மட்டும் வாசிக்கவல்லவருக்கு அவை வெறும் கோடுகளே. 1987ஆம் ஆண்டிலே பதின்மூன்றாவது திருத்தத்தால் தமிழும் அரச கரும மொழியாயிற்று. அவ்வுரிமை சட்டநூலில் மட்டுமன்றி, இரத்தினபுரியிலும் கேகாலையிலும் நோயாளர் கையில் உள்ள அட்டையிலும் காணப்படல் வேண்டும்.

திருக்குறளிலே கள்ளுண்ணாமை 93ஆம் அதிகாரம். மருந்து 95ஆம் அதிகாரம். மருந்ததிகாரத்தின் இறுதியில் வள்ளுவர், மருத்துவத்திற்கு நோயாளன், மருத்துவன், மருந்து, அருகிருந்து உதவுவோன் என நான்கு உறுப்புகளை வகுத்தார். சப்பிரகமுவத் தோட்டத்து நோயாளருக்கு மருத்துவரும் மருந்தும் இன்று எட்டும் நிலையில் உள்ளனர். நான்காவது உறுப்பே பெரிதும் குறைவாக உள்ளது. மருந்தட்டையைப் படித்துச் சொல்லும் மகளும், சம்பளநாளில் தவறணைக்குத் துணை வராது வீட்டுக்குத் துணை வரும் நண்பனும், வசை கூறாது வினவும் தாதியுமே அவ்வுறுப்பாவர். 1912ஆம் ஆண்டின் சட்டங்கள் தவறணையையும் மருந்துச்சாலையையும் ஒழுங்குசெய்தன. இவ்விரண்டிற்கும் இடையில் நிற்கும் மனிதனுக்குத் துணைநிற்றல் கல்வி பெற்றோர் கடமையாகும்.