நாரத்தை சென்ற வழி

ஈப்போ நகருக்குத் தெற்கே, கோப்பேங் செல்லும் பழைய நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் சிம்பாங் பூலாய். சிம்பாங் என்னும் மலாய்ச் சொல் பாதை பிரியும் இடத்தைக் குறிக்கும்; பூலாய் என்பது தமிழர் ஏழிலைப்பாலை என வழங்கும் மரத்தின் பெயர். சுண்ணாம்புக்கல் குன்றுகள் சூழ்ந்த இவ்வட்டாரமும், ஈப்போவுக்கு வடகிழக்கேயுள்ள தம்பூனும் பம்பளிமாசுப் பழத்திற்குப் பெயர் பெற்றவை. சீனப் புத்தாண்டு நெருங்குங்கால் இப்பகுதிப் பழக்கடைகளில் பம்பளிமாசும், இணை இணையாகக் கையுறை தரும் மாண்டரின் ஆரஞ்சும் அருகருகே குவிந்திருக்கும்.

இவ்விரு பழங்களின் பெயர்களையும் பிறமொழிச் சொற்கள் என்றே தமிழ் மாணவர் எண்ணுவர். பம்பளிமாசைப் பொறுத்தவரை அவ்வெண்ணம் சரியே. அஃது அப்பழத்திற்கு டச்சுக்காரர் இட்ட பெயரின் திரிபு. அவர்கள் 1658இல் நாகப்பட்டினத்தைக் கைப்பற்றினர்; பேராக் வெள்ளீயத்தை நாடி 1670இல் பங்கோர்த் தீவில் கோட்டை கட்டினர். இரு கரையிலும் வணிகம் செய்தவர் வழங்கிய சொல் தமிழில் நிலைபெற்றதில் வியப்பில்லை. ஆனால் ஆரஞ்சு என்னும் பெயரோ, தாயகம் விட்டுச் சென்று வேற்றுடையில் திரும்பி வந்த ஒன்று.

சொல்லின் செலவு

ஐரோப்பிய மொழிகளின் பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னோக்கித் தொடர்ந்தால் வழி விளங்கும். ஆங்கிலத்தார்க்கு இச்சொல் பிரெஞ்சு மொழி வாயிலாக வந்தது. இத்தாலியர் அரஞ்சா என்றும், ஸ்பானியர் நராங்ஹா என்றும், போர்த்துக்கீசியர் லராஞ்சா என்றும் கூறுவர். இவற்றுக்கு முன்னது அரபியரின் நாரஞ்சு. அதற்கும் முன்னது பாரசீகரின் நாரங்கு. அதற்கு மூலம் வடமொழியின் நாரங்கம். வடமொழிச் சொல்லும் திராவிட மொழிகளிலிருந்து பெற்றதே என்பது மொழிநூலார் பலர் கருத்து. தமிழில் நாரத்தை, மலையாளத்தில் நாரங்ஙா, தெலுங்கில் நாரிஞ்ச என வழங்கும் சொற்கள் ஓரினம். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் நிரல்படுத்தும் மலர்களுள் நரந்தமும் ஒன்று. அச்சொல்லுக்கு நாரத்தை என்றும் மணமுள்ள புல் என்றும் இருபொருள் கூறுவர். இரண்டிலும் நறுமணமே பொதுப்பண்பு.

கடாரநாரத்தை என்னும் பெயர் மலேசியத் தமிழர்க்குச் சிறப்பாக இனிக்கக்கூடும். 1025ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழன் படை வென்ற கடாரம் இன்றைய கெடா. எனினும் கடாரம் என்பதற்குக் கொப்பரை என்றும் பொருளுண்டு. ஆதலின் பெயரொப்புமை ஒன்றையே கொண்டு அக்காய் கெடாவிலிருந்து வந்ததென முடிவுகட்டல் தகாது.

அரபியர் மேற்கே கொண்டு சென்றது கசப்பு ஆரஞ்சு. இனிப்பு ஆரஞ்சைப் பின்னாளில் ஐரோப்பாவில் பரப்பியோருள் போர்த்துக்கீசியர் முதன்மையானவர். அதனாலேயே துருக்கியரும் கிரேக்கரும் அதற்குப் போர்த்துக்கல் நாட்டின் பெயரையே இட்டனர்.

கசப்பு தந்த மணம்

கசப்பு ஆரஞ்சு பம்பளிமாசுக்கும் மாண்டரினுக்கும் பிறந்த கலப்பினம் என்பதை மரபணு ஆய்வு நிறுவியுள்ளது. தாய் பம்பளிமாசு. ஈப்போக் கடைகளில் அருகருகே குவியும் இரு பழங்களும் அதற்குப் பெற்றோர் இனத்தைச் சேர்ந்தவை.

தின்பதற்கு ஆகாத இக்காயின் தோலே மேனாட்டாரின் சிறந்த இனிப்பு மதுவுக்கு உயிராயிற்று. தென் அமெரிக்கக் கரையை அடுத்த குரசாவோத் தீவில் 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் ஆரஞ்சு நட்டனர். வறண்ட மண்ணில் பழம் கசந்தது. தோலோ மணம் மிகுந்தது. 1634இல் தீவு டச்சுக்காரர் வசமாயிற்று. அத்தீவினர் அக்காயை லரகா என்பர். அதுவும் நாரத்தையின் வழித்தோன்றலே. பசுங்காயின் தோலை வெயிலில் உலர்த்தி, சாராயத்தில் ஊறவைத்து வடித்துச் சர்க்கரை சேர்ப்பது குரசாவோ மது. பிரான்சு நாட்டு ஆங்சே நகரில் குவாந்த்ரோ குடும்பத்தார் 1849இல் வடிசாலை தொடங்கி, பின்னர் ஆரஞ்சு மதுவால் புகழெய்தினர். கோன்யாக்கு மதுவுடன் கசப்பு ஆரஞ்சுச் சாரம் கலந்த கிராண்ட் மார்னியே 1880இல் தோன்றியது.

இதனைக் கொண்டு செய்யும் இனிப்பு மிக எளிது. ஆரஞ்சின் தோலையும் வெண்ணிற உள்தோலையும் நீக்கி, வட்டத் துண்டுகளாக நறுக்கி, விதை களைந்து, சர்க்கரை தூவி, ஓரிரு கரண்டி மது தெளித்துக் குளிர்ந்த இடத்தில் ஒரு மணி நேரம் வைத்தால் போதும். சர்க்கரை சாற்றை வெளியே இழுக்கும். மது தோலின் மணத்தைச் சாற்றில் பரப்பும். உரித்தபோது இழந்த மணத்தைப் பழம் மீளப் பெறுகிறது என்பதே இதன் நுட்பம்.

தமிழ் இல்லத்தில்

மணம் இருப்பது மதுவில் அன்று, தோலின் எண்ணெயில். சாராயம் அவ்வெண்ணெயைக் கரைத்து எடுக்கும் கருவி மட்டுமே. இவ்வேறுபாடு பேராக் தமிழர்க்குச் சிறு செய்தியன்று. ஈப்போவில் 1906இல் தொடங்கிய எஃப்.எம்.எஸ். மதுக்கூடத்தில் துரைமார் கூடிய காலத்தில், ரப்பர்த் தோட்டத் தொழிலாளிக்கு ஒதுக்கப்பட்டது கள்ளுக்கடை. கள்ளும் சம்சுவும் எத்தனையோ குடும்பங்களின் கூலியை விழுங்கின. 1947இல் கெடாவில் கள்ளுக்கடைகளை எதிர்த்துத் தொண்டர் படையினர் மறியல் செய்தபோது உயிரிழப்பும் நேர்ந்தது. அவ்வரலாற்றை நினைவிற் கொண்ட இல்லங்களில் மதுப்புட்டி நுழையாமை இயல்பே.

மது இன்றியும் அம்மணத்தைப் பெறலாம். நன்கு கழுவிய ஆரஞ்சின் வண்ண மேல்தோலை மட்டும் மெல்லச் சீவி, சர்க்கரைப் பாகில் சற்றே கொதிக்கவிட்டு, ஆறியபின் துண்டுகள்மீது ஊற்றலாம். சிம்பாங் பூலாய்ப் பம்பளிமாசையும் சவ்வு நீக்கிய சுளைகளாக உடன் சேர்க்கலாம். வெண்ணிற உள்தோல் கலவாமற் பார்ப்பது கட்டாயம். கசப்பு அதனுள் மிகுதி.

மேனாட்டார் சாராயத்தாலும் சர்க்கரையாலும் செய்ததைத் தமிழர் உப்பாலும் வெயிலாலும் செய்தனர். உப்பிட்டு உலர்த்திய நாரத்தை பழஞ்சோற்றுக்கும் நோயுற்றோர் கஞ்சிக்கும் துணை. இரு வழியிலும் வெயிலில் உலர்ந்தது கசக்கும் தோல். காக்கப்பட்டது அதன் மணம்.

பம்பளிமாசின் கசப்புக்குக் காரணமான பொருளை வேதியியலார் நரிஞ்சின் என்பர். நாரங்கம் என்னும் சொல்லினின்று அமைந்த பெயர் அது. டச்சுப் பெயர் பூண்ட பழத்தினுள்ளும் பழைய சொல்லின் வேர் இவ்வாறு ஒளிந்திருக்கிறது. ஆரஞ்சு என்று கரும்பலகையில் எழுதும் தமிழாசிரியர், அதன் அருகே நாரத்தை என்றும் ஒருமுறை எழுதிக் காட்டுவாராயின், ஒரு சொல் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நடந்த வழியை மாணவர் தம் கைப்பழத்திலேயே காண்பர்.