நாற்சந்திக் கதையும் மறைந்துபோன ஆசானும்

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துப் பருத்தித் தோட்டங்களில் உழைத்த கறுப்பின மக்களிடையே உருப்பெற்ற இசை ப்ளூஸ். உடைந்த சீசாவின் கழுத்துப் பகுதியை விளிம்பு மழுக்கி விரலில் மாட்டிக்கொண்டு, கிதாரின் கம்பிகள்மீது வழுக்கி வாசிக்கும் முறை அதன் தனிச்சிறப்பு. இதனை 'ஸ்லைடு' என்பர். 1903ஆம் ஆண்டளவில் டட்வைலர் என்னும் சிற்றூரின் ரயில் நிலையத்தில், ஒருவர் கத்தியைக் கம்பியில் வைத்து இவ்வாறு வாசிக்கக் கேட்டதாக இசைவாணர் டபிள்யூ. சி. ஹாண்டி 1941இல் வெளியான தம் தன்வரலாற்றில் எழுதியுள்ளார்.

இக்கலையில் பெரும்புகழ் பெற்றவர் ராபர்ட் ஜான்சன். 1938இல், தம் 27ஆம் வயதில் மறைந்த அவர் 1936, 1937 ஆகிய ஆண்டுகளில் பதிவு செய்தவை 29 பாடல்களே. ஆயினும் அவரைப் பற்றி உலகம் முதலில் கேள்விப்படுவது அவருடைய பாடல்களையன்று, ஒரு கதையை. நள்ளிரவில் நாற்சந்தி ஒன்றில் ஷைத்தானிடம் தம் ஆன்மாவை விற்று, அதற்கு ஈடாக இவ்வித்தையைப் பெற்றார் என்பது அக்கதை.

ஒரு செய்தி நம்மை வந்தடைந்தால், அதனை அறிவித்தவர் யார், யாரைக் குறித்து அறிவித்தார் என வினவுவது கற்றோர் மரபு. அவ்வாறு வினவின், நாற்சந்திச் செய்தி டாமி ஜான்சன் என்ற வேறொரு கலைஞரைக் குறித்து அவருடைய சகோதரர் லெடெல், ஆய்வாளர் டேவிட் எவன்ஸிடம் கூறியது என அறிகிறோம். பெயரின் பிற்பகுதி ஒன்றாயிருந்ததும் கதை இடம்மாறத் துணைபுரிந்தது எனலாம்.

ராபர்ட்டை இளமையில் அறிந்த மூத்த கலைஞர் சன் ஹவுஸ், அச்சிறுவனின் கிதார் வாசிப்பு கேட்கச் சகியாததாக இருந்தது என்றும், எங்கோ சென்று திரும்பியபோது கண்டோர் வியக்கும் தேர்ச்சி பெற்றிருந்தான் என்றும் நினைவுகூர்ந்தார். அந்த 'எங்கோ' எது? தாம் பிறந்த ஹேஸில்ஹர்ஸ்ட் பகுதிக்குச் சென்ற ராபர்ட், அருகிலிருந்த ஐக் ஸிம்மர்மன் என்பவரின் இல்லத்தில் தங்கிப் பயின்றார். இரவில் எவருக்கும் இடையூறின்றி மயானத்தில் அமர்ந்து இருவரும் வாசித்ததை ஸிம்மர்மன் குடும்பத்தார் கூற, ஆய்வாளர் புரூஸ் கான்ஃபோர்த் பதிவு செய்துள்ளார்.

அங்ஙனம் பயில வேண்டியது என்ன என்பதையும் நோக்குவோம். வீணையைப் போலக் கிதாரின் தண்டிலும் மெட்டுகள் உண்டு. விரலால் வாசிப்போர் இரு மெட்டுகளுக்கிடையே எங்கு அழுத்தினும் சுரம் பெரிதும் பிறழாது. சீசாக்கழுத்தோ கம்பியை அழுத்தாது தொட்டு நிற்பது. சரியாக மெட்டின் நேர்மேலே நில்லாவிடின் சுரம் பிறழும். பின்னுள்ள விரல்கள் கம்பியை மெல்லத் தொட்டு வேண்டாத ஓசையை அடக்க வேண்டும். கையின் சிறு அசைவால் சுரத்துக்கு நடுக்கம் தர வேண்டும். பாடகர் ஓரடி பாடி நிறுத்தியதும், மனிதக்குரல் விம்முவதுபோல் கம்பி மறுமொழி கூற வேண்டும். இவற்றைத் தாளில் குறித்துக் காட்டிவிட இயலாது. வாசிப்பவரின் எதிரே அமர்ந்து கண்ணாலும் செவியாலும் கொள்ள வேண்டியவை.

சன் ஹவுஸிடம் இவ்வாறே கற்றவர் மடி வாட்டர்ஸ். 1941இல் ஸ்டோவல் தோட்டத்தில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக ஆலன் லோமாக்ஸ் அவரைப் பதிவு செய்தபோது, தம் ஆசானின் பெயரை அவர் மறவாது கூறினார்.

ஸிம்மர்மனுக்கு அப்பேறு வாய்க்கவில்லை. அவருடைய வாசிப்பு இசைத்தட்டாக வெளிவரவுமில்லை. மாணவனின் உழைப்புக்கும் ஆசானின் பொறுமைக்கும் உரிய பெருமையை நாற்சந்திக் கதை ஷைத்தானின் கணக்கில் எழுதிவிட்டது. வறிய கறுப்பின இளைஞனொருவன் முயன்று கற்றே மேதையாக முடியும் என்பதை ஏற்க மனமில்லாதோர்க்கு அது வசதியாகவும் அமைந்தது. அக்கணக்கைத் திருத்தி எழுதுவது வரலாற்றின் கடமை. கற்பிப்போராகிய நமக்கோ அது கடன்.