தோட்டத்துப் பிள்ளையும் கல்விக் கரையும்

மலேசியத் தமிழரின் கல்வி வரலாறு பெரும்பாலும் பள்ளிகள் தோன்றிய வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எந்தத் தோட்டத்தில் எந்த ஆண்டில் பள்ளி எழுந்தது, எத்தனை பிள்ளைகள் சேர்ந்தனர் என்னும் செய்திகள் ஆண்டு மலர்களில் தவறாமல் இடம்பெறும். சேர்ந்த பிள்ளைகளுள் எத்தனை பேர் படிப்பை முடித்துக் கரையேறினர் என்னும் கணக்கோ அரிதாகவே காணப்படும். கோல சிலாங்கூர் தொடங்கி உலு சிலாங்கூர் வரை பரந்து கிடக்கும் தோட்டப்புறத்தின் வரலாறு, அந்த இரண்டாம் கணக்கின் தேவையை நன்கு உணர்த்துவதாகும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வட்டாரத்தில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. நாட்டின் முதல் வாணிகச் செம்பனைப் பயிரீடும் 1917இல் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்திலேயே நிகழ்ந்தது. இத்தோட்டங்களில் பள்ளிகள் எழக் காரணமாயிருந்தது 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். ஏழு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின், அவர்களுக்குத் தோட்ட நிருவாகம் பள்ளி அமைத்துத் தரவேண்டும் என்று அது விதித்தது. சட்டம் நல்லதே. எனினும் அது பள்ளியைக் கேட்டதேயன்றிப் பள்ளிக்கு அப்பாலுள்ள வழியைக் கேட்கவில்லை. பல பள்ளிகளில் ஓராசிரியரே எல்லா வகுப்புகளையும் கவனித்தார். கங்காணியோ கிராணியோ ஆசிரியராய் அமர்ந்த இடங்களும் உண்டு. இடைநிலைக் கல்வி பட்டணத்தில், ஆங்கிலத்தில் இருந்தது. ஆகவே தோட்டப் பள்ளியின் இறுதி வகுப்பே பலருக்குக் கல்வியின் இறுதியும் ஆயிற்று.

1957இல் நாடு விடுதலை பெற்றபோது 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. 1965 முதல் நுழைவுத் தேர்வின்றி யாவரும் இடைநிலைப் பள்ளியில் சேரும் வாய்ப்பு வந்தது. கதவு திறந்தது, ஆயினும் படிகள் செங்குத்தாகவே இருந்தன. ஆறாம் வகுப்பை முடித்த தமிழ்ப்பள்ளி மாணவர் பொதுவாகப் புகுமுக வகுப்பில் ஓராண்டு பயின்ற பின்னரே முதற்படிவம் செல்ல இயன்றது. புதிய மொழியும் புதிய பள்ளியும் ஒருங்கே எதிர்ப்பட்ட அந்த ஆண்டிலேயே பலர் மனந்தளர்ந்தனர். எஞ்சியோரை மூன்றாம் படிவத் தேர்வு வடிகட்டியது. அதில் தவறியவருக்கு நான்காம் படிவத்தில் இடமில்லை. பெற்றோர் விடியுமுன் பெரட்டுக்குச் செல்ல, தம்பி தங்கையரைக் கவனிக்கும் பொறுப்பு மூத்த பிள்ளையின் தோளில் விழுந்தது. பட்டணத்துப் பள்ளிக்குப் பேருந்துச் செலவும் சேர்ந்தது.

கல்வி அமைச்சின் இடைநிற்றல் ஆய்வு 1973இல் வெளிவந்தது. முராட் பின் முகமட் நோர் தலைமையில் நிகழ்ந்த அவ்வாய்வு, குடும்ப வறுமைக்கும் இடைநிற்றலுக்கும் உள்ள நெருங்கிய தொடர்பை எடுத்துக் காட்டியது. படிப்பை விட்ட பிள்ளையைச் சோம்பேறி என்று பழிப்பது எளிது. அவன் ஏன் விட்டான், எந்தப் படியில் விட்டான் என்று கேட்பதே ஆசிரியர்க்கு அழகு.

இக்கேள்விக்குச் சமுதாயம் விடைதேடிய முயற்சிகளையும் எண்ணிப் பார்த்தல் தகும். தோட்டத் துண்டாடலால் தொழிலாளர் வேலையும் வீடும் இழந்த காலத்தில், துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். நிலத்தைக் காக்க எழுந்த அச்சங்கம், பின்னர் உறுப்பினர் பிள்ளைகளின் படிப்பிற்கும் உதவியது. பெற்றோரின் பிழைப்பு நிலைபெற்றாலன்றிப் பிள்ளையின் படிப்பு நிலைபெறாது என்பதற்கு இது சான்றாகும்.

பல்கலைக்கழகத்திற்கும் மக்களுக்கும் உள்ள உறவும் நோக்கத்தக்கது. மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்த காலத்தில், 1956இல் அங்கே இந்திய இயல் துறை தொடங்கப்பெற்றது. அத்துறையின் தமிழ் நூலகத்திற்காகத் ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதியைத் திரட்டினார். உயர்கல்வியின் வாயிலை மிதித்தறியாத எளிய மக்களும் அதற்கு ஈந்தனர். அக்கடனுக்கு ஈடுபோல, ஒரு தலைமுறைக்குப்பின் பல்கலைக்கழகத்தார் மக்களை நாடி வந்தனர். 1982இல் மலாயாப் பல்கலைக்கழக விரிவுரையாளர் மு. தம்பிராஜா முன்னின்று, ஸ்ரீ முருகன் நிலையம் தொடங்கப்பெற்றது. பல்கலைக்கழக மாணவர்களே ஆசிரியர்களாகி, ஏழை மாணவர்க்குக் குறைந்த கட்டணத்தில் தேர்வுப் பாடங்களைக் கற்பித்தனர். பத்துமலைக்குக் கல்வி யாத்திரை நடத்தி, பிள்ளையின் படிப்பைக் குடும்பம் முழுவதன் நேர்த்திக்கடனாகவே ஆக்கினர்.

இம்முயற்சியின் வலிமை பாடக் குறிப்புகளில் மட்டும் இருந்ததன்று. தன்னைப் போன்றே லயத்தில் பிறந்த ஒருவர் பல்கலைக்கழக மாணவராய் முன்னே நிற்கக் கண்ட பிள்ளை, அது தனக்கும் இயலும் என்று நம்பியது. புத்தகம் தர இயலாத துணிவை அந்தக் காட்சி தந்தது.

இன்று நிலைமை மாறியுள்ளது. மூன்றாம் படிவத் தேர்வு வெளியேற்றும் கதவாக இல்லை. சிலாங்கூர் மாநில அரசு 1999இல் நிறுவிய பல்கலைக்கழகம், பத்தாங் பெர்ஜுந்தையிலேயே, இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் அவ்வூரிலேயே, வளாகம் கொண்டு விளங்குகிறது. கோலாலம்பூர்வரை தேடிச் சென்ற உயர்கல்வி, செம்பனைக் காட்டின் விளிம்பிற்கே வந்துவிட்டது. ஆயினும் அண்மையில் இருப்பது வேறு, அடைவது வேறு. கல்லூரி மாணவர் வாரத்தில் ஒரு மாலை அண்டைத் தோட்டப் பிள்ளைகளுக்கு ஒதுக்கலாம். கல்லூரிகள் இறுதிப் படிவ மாணவரையும் பெற்றோரையும் அழைத்து, விண்ணப்பமும் கல்விக் கடனும் பற்றி அவர்தம் மொழியில் விளக்கலாம். கோயில் நிருவாகங்கள் மண்டபத்தின் ஒரு மூலையை விளக்குடன் படிப்பறையாக்கலாம். தமிழ்ப்பள்ளிகள், ஆறாம் வகுப்பை விட்டுச் சென்ற ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் ஐந்தாம் படிவம் வரையேனும் ஓர் ஏட்டில் பின்தொடரலாம். பெயர் விடுபடும் இடத்தில் ஒருவர் அவ்வீட்டுக்குச் செல்லவேண்டும்.

1912ஆம் ஆண்டுச் சட்டம் பத்துப் பிள்ளைகளை எண்ணிப் பள்ளி கேட்டது. அந்தப் பத்துப் பிள்ளைகளும் கரையேறினரா என்று எண்ணிக் கேட்பது இனிச் சமுதாயத்தின் கடமையாகும். ஊர் கூடி இழுத்தாலன்றித் தேர் நிலைக்கு வாராது.