மானைத் தேடிப் புறப்பட்ட அம்பு

இலங்கையின் களுத்துறை மாவட்டத்தில், புளத்சிங்களவுக்குப் பக்கத்தில் பாகியன் குகை இருக்கிறது. அங்கே தோண்டியெடுத்த எலும்பு முனைகள் 130. பழையவற்றுக்கு வயது ஏறத்தாழ 48,000 ஆண்டுகள். நுனியில் மோதி உடைந்த தழும்பும், குச்சியில் கட்டிய இடத்தில் தேய்மானமும் இருந்ததால், 2020இல் வெளிவந்த ஆய்வு இவற்றை அம்பு முனைகள் என்றது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே வில்லம்பு இருந்ததற்கான மிகப் பழைய சான்றுகளில் இவையும் சேரும். பெரும்பாலானவை குரங்கு எலும்பில் செய்தவை, குரங்கை வேட்டையாடவே செய்தவை. காலம் போகப்போக முனைகள் நீளமாகின்றன. பன்றியையும் மானையும் குறிவைக்கத் தொடங்கியதால் இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அம்பு மானைத் தேடிப் புறப்பட்ட கதையை அங்கிருந்தே தொடங்கலாம்.

மானுக்கு ஏன் நீளமான முனை வேண்டும்? துப்பாக்கிக் குண்டின் அடி அம்புக்குக் கிடையாது. அது அறுத்துத்தான் கொல்லும். விலாவுக்குள் நுழைந்து நுரையீரலையோ பெரிய ரத்தக்குழாயையோ வெட்டினால், மான் கொஞ்ச தூரம் ஓடி, ரத்தம் இழந்து விழும். அதனால் எய்த கையோடு பின்னால் ஓடக்கூடாது. துரத்தினால் காயம்பட்ட மான் எங்கேயோ போய்ச் சாகும், யாருக்கும் கிடைக்காது. பொறுத்திருந்து, இலையில் சொட்டிய ரத்தத்தையும் மடிந்த புல்லையும் பார்த்துப் போக வேண்டும். எய்வதற்கு முன்னால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, நாற்பது ஐம்பது தப்படிக்குள் நெருங்கவும் வேண்டும். எலும்பு முனைக்காரனுக்கும் இது பொருந்தியது, இன்றைக்குக் கார்பன் அம்பு வைத்திருப்பவனுக்கும் பொருந்துகிறது.

எலும்புக்குப் பிறகு கல். தூத்துக்குடி, திருநெல்வேலித் தேரிக்காட்டுச் செம்மணலில் விரல்நுனி அளவுக் கல்முனைகள் கிடைக்கின்றன. 1956இல் சாய்னரும் ஆல்ச்சினும் அவற்றைப் பற்றி எழுதினார்கள். கல்லுக்குப் பிறகு இரும்பு. ஆதிச்சநல்லூரில் 1876இல் ஜாகோரும், 1899 முதல் அலெக்சாண்டர் ரீயும் தோண்டிய தாழிகளோடு இரும்பு ஆயுதங்களும் வெளிவந்தன. இரும்பு வந்ததும் அம்பின் குணமே மாறியது. தீட்டலாம், அகலப்படுத்தலாம், கொல்லுப்பட்டறையில் நூற்றுக்கணக்கில் அடிக்கலாம். இவ்வளவு முனைகள் மானுக்கு மட்டும் எதற்கு?

பதில் எங்கள் கோலார் தங்கவயல் பக்கத்திலேயே வீரக்கல்லாக நிற்கிறது. பாலாற்றங்கரைப் பேத்தமங்களாவுக்குப் பழைய பெயர் விஜயாதித்தமங்கலம், பாண அரசன் ஒருவனின் பெயரால் வந்தது. தங்கச் சுரங்கத்துக்குக் குடிதண்ணீர் கொடுத்த ஊராக மட்டுமே இதை அறிந்தவர்கள் பலர். ஆனால் சுரங்கம் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே பாணர், கங்கர், நொளம்பர், சோழர் என்று மாறிமாறிப் படை நடந்த எல்லைநாடு இது.  

கோலார் மாவட்டத்திலும், எல்லை தாண்டிக் கிருஷ்ணகிரி, தருமபுரி, செங்கம் பக்கத்திலும் வீரக்கற்கள் ஏராளம். மாடு பிடிக்க வந்தவர்களோடு மோதியும், ஊரைக் காத்தும், புலியோடு போராடியும் செத்தவர்களுக்கு எடுத்த கற்கள். செங்கத்துக் கற்களை நின்று பாருங்கள்: இடது கையில் வில், வலது கையில் குறுவாள், உடம்பில் தைத்த அம்புகள். மானுக்காகக் கூராக்கிய இரும்பு மனிதனின் தொடையிலும் மார்பிலும் இறங்கியிருக்கிறது. சில கற்களை வேடியப்பன் என்று கும்பிட்டுப் பொங்கல் வைக்கிறார்கள். அப்படிக் கும்பிடும் இடத்தில் கல் பிழைத்துக்கொள்கிறது. கும்பிடாத இடத்தில் துணி துவைக்கவும், கால்வாய்க்குப் பாலமாகவும் போய்விடுகிறது. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஓர் ஊரின் துக்கம் அது. ஊராட்சி நினைத்தால் ஒரே நாளில் எடுத்து நிறுத்திவிடலாம்.

துப்பாக்கி வந்த பிறகும் வயநாட்டுக் குறிச்சியர் வில்லைக் கீழே வைக்கவில்லை. 1802 அக்டோபரில் தலக்கல் சந்துவும் எடச்சேன குங்கனும் குறிச்சிய வில்லாளிகளோடு பனமரம் கோட்டையைத் தாக்கினார்கள். கும்பினியின் இரண்டு அதிகாரிகளும் சுமார் 70 சிப்பாய்களும் மாண்டார்கள். காட்டில் மிருகத்தை நெருங்கத் தெரிந்தவனுக்குக் கோட்டையை நெருங்கவும் தெரிந்தது. 1805இல் சந்துவைப் பிடித்துக் கொன்றுவிட்டார்கள்.

இந்தியாவில் மானுக்கும் அம்புக்கும் இருந்த உறவைச் சட்டம் முடித்துவைத்தது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1991இல் உரிமம் வாங்கி வேட்டையாடுவதையும் நிறுத்திய திருத்தம். இருந்த கொஞ்சநஞ்ச மான்களுக்கு அது தேவைப்பட்டது. நான் அதை முழுமனதோடு ஆதரிக்கிறேன்.

அம்பு மானைத் தேடும் வேலை கடல் தாண்டித் தொடர்ந்தது. 1911 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரில் ஒரு மனிதர் காட்டிலிருந்து தனியாக வெளியே வந்தார். அவருடைய யாஹி இனத்தை வெள்ளைக்காரக் குடியேறிகள் கொன்று தீர்த்திருந்தார்கள். அவரை இஷி என்று அழைத்தார்கள். சான்பிரான்சிஸ்கோ அருங்காட்சியகத்தில் தங்கியவர், மருத்துவர் சாக்ஸ்டன் போப்புக்கு வில் செதுக்கவும், பாட்டில் கண்ணாடியிலிருந்து அம்பு முனை உடைத்தெடுக்கவும் கற்றுக்கொடுத்தார். வேட்டைக்கு முந்தைய நாள் புகையிலையும் மீனும் தொடமாட்டார். விடியலில் குளித்து, வாசனைத் தழையால் உடம்பைத் தேய்த்துக்கொண்டு, வெறும் வயிற்றோடு புறப்படுவார். 1916இல் காசநோய் அவரைக் கொண்டுபோனது. போப் 1923இல் எழுதிய வில்வேட்டை நூலைப் படித்துத்தான் அமெரிக்கர்கள் மறுபடி வில்லெடுத்தார்கள். வேரோடு அழித்த இனத்தின் கடைசி மனிதரிடமிருந்து அவர்கள் வாங்கிக்கொண்ட வித்தை அது.

1934இல் விஸ்கான்சின் மாநிலம் மான் வேட்டைக்கு வில்லுக்கென்றே தனிப் பருவம் ஒதுக்கியது. இன்று பல மாநிலங்களில் துப்பாக்கிக்காரர்களுக்கு முன்பே, செப்டம்பர் வாக்கில் வில்லாளிகளுக்கு அனுமதி. அப்போது மரத்தில் இலை உதிர்ந்திருக்காது, மறைவு கிடைக்கும். மான்கள் கோடைகால மேய்ச்சல் பழக்கத்தை விட்டிருக்காது. நம் கடமானின் உறவான எல்க் அப்போதுதான் இணைசேரும். கிடாவின் கூவலைப் போலவே கூவி அதை அருகே வரவழைக்கிறார்கள். வெயில் இன்னும் தணியாததால் விழுந்த மிருகத்தை உடனே உரித்து இறைச்சியைக் குளிரவைத்தாக வேண்டும்.

1969இல் ஹோலஸ் ஆலன் என்பவர் காப்புரிமை பெற்ற காம்பவுண்ட் வில் இந்த வேட்டைக்காரர்களால்தான் பரவியது. முனைகளில் இருக்கும் கப்பிகள், நாணை முழுக்க இழுத்தபின் கையில் நிற்கும் பாரத்தைப் பெருமளவு குறைத்துவிடும். மான் தலை திருப்பும்வரை நடுங்காமல் காத்திருக்கலாம்.

அதே காம்பவுண்ட் வில் இந்தியாவுக்கு வந்தபோது அதன் குறி வட்டம் போட்ட காகிதம். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் விஜயவாடாவின் ஜோதி சுரேகா வென்னம் அதில் மூன்று தங்கம் வாங்கினார். ஒலிம்பிக்கில் மட்டும் அதற்கு இடமில்லாமல் இருந்தது. 2028இல் லாஸ் ஏஞ்சலிஸில், இஷி வாழ்ந்த அதே கலிபோர்னியாவில், காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி முதன்முறையாக ஒலிம்பிக்கில் நடக்கவிருக்கிறது.