இரண்டு ஏலம்

இலங்கையின் மாத்தளைப் பக்கத்து இரத்தோட்டையில் ஏலம் என்று காதில் விழுந்தால், பேசுகிறவர் யாரென்று பார்த்தே பொருள் கொள்ள வேண்டும். ரிவர்ஸ்டன் பக்கத்து மலைக்காரருக்கு அது காட்டு நிழலில் வளர்ந்த ஏலக்காய். தேயிலைத் தொழிற்சாலைக்காரருக்கு, கொழும்பில் தேயிலைக்கு விலை விழும் இடம். ஒலி ஒன்று, பிறப்பு வேறு.

முதற்சொல் பழையது. கணிமேதாவியாரின் ஏலாதி, ஏலம் முதலான ஆறு மருந்துச் சரக்குகளால் பெயர் பெற்ற நூல். அந்த ஆறில் மிளகும் உண்டு. சித்த வைத்தியர் ஏலரிசி என்பதை மலையாளத்தார் ஏலத்தரி என்பர். கொச்சியை ஆண்ட ஒல்லாந்தர் வான் ரீட், இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரையும் கொங்கணிப் பண்டிதர் மூவரையும் துணைகொண்டு மலபார்ச் செடிகளைத் தொகுத்தார். ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக அந்நூல் வெளிவந்தது. அதில் பதிந்த அந்த மலையாளப் பெயரிலிருந்தே 1811இல் தாவரவியலாளர் மேட்டன் ஏலச்செடிக்கு 'எலெட்டாரியா' என்ற பேரினப் பெயரை அமைத்தார். அச்சுதன் தம் கைப்பட எழுதிய சான்றுரையும் நூலில் அச்சேறியிருப்பது எனக்குப் பெரிய நிறைவு. இலங்கைச் செடிகளின் கதை வேறு. அவற்றைப் பற்றித் தாவரவியலாளர் லின்னேயஸ் 1747இல் எழுதினார். இந்தத் தீவை அவர் மிதித்ததேயில்லை. பவுல் ஹெர்மன் இங்கு சேகரித்தவை அவருக்குப் போதுமாயின. ஹெர்மனுக்குச் செடி காட்டிய கிராமத்தவர் யாரென்று யாருக்குத் தெரியும்?

இரண்டாவது ஏலம் கப்பலில் வந்தது. போர்த்துக்கேயரின் 'லெய்லாவ்' மலையாளத்தில் லேலம், இந்தியில் நீலாம். தமிழில் லகரம் சொல்லுக்கு முதலில் வராது; அது உதிர்ந்து ஏலமானது. சிங்களவர் சொல்லும் 'வெந்தேசி' ஒல்லாந்தரிடமிருந்து வந்தது. ஆக, ஒரே கடைத்தெருவில் ஒரே வியாபாரத்துக்கு, நாட்டை ஆண்ட இரு அந்நியரின் சொற்கள்.

கொழும்பில் முதல் தேயிலை ஏலம் 1883 ஜூலை 30இல் நடந்தது. கூவி விடும் ஏலத்தில் ஒரு நியாயம் உண்டு: ஒரு தரம், இரண்டு தரம் என்று விலை எல்லார் காதிலும் விழும். வீட்டுத்தோட்டத்து மிளகையும் கராம்பையும் சாக்கில் கட்டி வருகிறவருக்கு அதுவும் இல்லை. கடைக்காரர் கையை விட்டு ஒரு பிடி அள்ளுவார், ஈரம் பார்ப்பார், ஒரு விலை சொல்வார். அவ்வளவுதான். ஏலக்காய்க்கோ, உலகச் சந்தையில் குவாத்தமாலாவின் விளைச்சலே விலையை ஆட்டுகிறது. இந்தப் பக்கத்து நக்கிள்ஸ் மலை 2000இல் பாதுகாப்பு வனமானது. காட்டுக்குள் ஏலம் பயிரிடத் தடை. காட்டைக் காத்தது சரிதான். அதற்காகப் பிழைப்பை இழந்தவர்களின் கணக்கையும் யாராவது எழுத வேண்டும். உலக வணிகத்தின் நியாயத்தை ஆராயப் பேராதனைப் பல்கலைக்கழகம் வரை வரும் அறிஞர்கள், மாத்தளை தாண்டி இங்கும் ஏறிவர வேண்டும்.

தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரில் ஏலக்காய் மின்னேலத்துக்கு வருகிறது. அன்றைய சராசரி விலையை விளைவித்தவரும் தெரிந்துகொள்ளலாம். அப்படியொரு விலைப்பலகை இரத்தோட்டைக் கடைத்தெருவில் மிளகுக்கும் கராம்புக்கும் சாதிக்காய்க்கும் வேண்டும், தமிழிலும் சிங்களத்திலும்.